மஞ்சள் வேகுற வாசம்



மாசி முடியறதுக்குள்ள மஞ்சள் வேக வெச்சு முடிச்சாச்சு. ஒன்றரை ஏக்கர் மஞ்சளும் இப்ப களத்துல காயுது. வழக்கமா இந்தச் சமயத்துல ஈரோட்டு மார்க்கெட் விலையைப் பத்தி உங்ககிட்டப் புலம்பிட்டு இருப்பேன். இந்த வருசம் சொல்ல வேற விசயம் இருக்கு. அஞ்சு மாசமா ஆளையே காணோமேன்னு சில பேரு விசாரிச்சீங்க. மண்டையில அடிபட்டு, சாகப் பொழைக்கக் கெடந்து, எந்திரிச்சு வந்திருக்கேன்.

எங்க விழுந்தேன்னு சொல்லவே வெக்கமா இருக்கு. அறுபதடிக் கெணத்துல கயிறு புடிச்சு எறங்கி மோட்டார் மாட்டுனவன் நான். மழைக்கு நனைஞ்ச வரப்புல டிராக்டர் ஓட்டியிருக்கேன். அங்கெல்லாம் ஒரு கீறல் கூட விழலை. வீட்டுக்குள்ள, சமையக்கட்டுல, ரெண்டடி உயரப் பிளாஸ்டிக் ஸ்டூல்ல இருந்து விழுந்தேன்.

ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னாடி. அட்டாலியில இருக்குற பித்தளை அண்டாவை எறக்கிக் குடுங்கன்னு வீட்டம்மா கேட்டாங்க. ஏணி இருக்கு. ஆனா அது தோட்டத்துல தென்னை மரத்துல சாத்திக் கெடந்துச்சு. போயி எடுத்துட்டு வரச் சோம்பேறித்தனம். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிட்டேன். பூஜைக்கு வீட்டைக் கழுவி விட்டிருந்ததால தரையெல்லாம் ஈரம். முன்னெல்லாம் எங்க வீட்டுல காவி போட்ட சிமெண்ட்டுத் தரைதான். டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு முன்னாடி கௌரவமா இருக்கட்டும்னு ரெண்டு வருசம் முன்னாடி பளபளன்னு டைல்ஸ் போட்டது நான்தான். வீட்டம்மா அன்னைக்கே வேண்டாம்னுதான் சொன்னாங்க.

அண்டாவை ரெண்டு கையிலயும் புடிச்சு இழுத்தேன். ஸ்டூல் காலு வழுக்கிச்சு. பின்மண்டை தரையில பட்ட சத்தம் வாசல்ல உக்காந்திருந்த எங்கம்மாவுக்குக் கேட்டிருக்கு. அண்டா விழுந்த சத்தம்னு நெனச்சாங்களாம்.

எனக்கு ஞாபகம் இருக்குறது அண்டாவை இழுத்த வரைக்கும்தான். அதுக்கு மேல பதினாறு நாள் என் கணக்குலயே இல்லை. மத்தவங்க சொன்னதைத்தான் சொல்றேன்.

விழுந்தவன் உடனே எந்திரிச்சுட்டேனாம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. பின்னாடி எலுமிச்சங்காய் அளவுக்குப் பொடைப்பு, அவ்வளவுதான். 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிக் காப்பி குடிச்சுட்டு, கட்டுத்தரைக்குப் போயி மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டிருக்கேன். பால்காரர்கிட்ட நின்னு பேசியிருக்கேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு தலை வலிக்குதுன்னு வந்து படுத்திருக்கேன். ரெண்டு தடவை வாந்தி. அப்புறம் ஒரே தூக்கம்.

மேக்காலத் தோட்டத்து மாமா அப்பப் பாத்து வந்திருக்காரு. நல்ல மனுசன். "வெயில்ல சுத்துனதுல பித்தம் ஏறியிருக்கும் அம்மிணி. தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும், எழுப்பாதே"ன்னு சொல்லியிருக்காரு. எங்கம்மா சுக்குத்தண்ணி வைக்கப் போயிட்டாங்க. வீட்டம்மாவுக்கு மட்டும் மனசு கேக்கல. உலுக்கி எழுப்பி, "நாளைக்கு எந்த வயலுக்குத் தண்ணி கட்டறீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. நடுராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் நான் தப்பில்லாமச் சொல்ற விசயம் அது. நான் என்னமோ கொழகொழன்னு உளறியிருக்கேன். கண்ணு ரெப்பையைத் தூக்கிப் பாத்தா, ஒரு கண்ணுல பாப்பா பெருசா, இன்னொண்ணுல சின்னதா இருந்திருக்கு. அதுக்கு அர்த்தம் என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆனா மாட்டுக்கானாலும் மனுசனுக்கானாலும் ரெண்டு கண்ணும் ரெண்டு மாதிரி இருக்கக் கூடாதுன்னு தெரியும். "எதுக்கு அம்மிணி ஊரைக் கூட்டறே"ன்னு மாமா சொல்லச் சொல்ல 108-க்குப் போன் போட்டுட்டாங்க.

பக்கத்து டவுன்ல ஸ்கேன். அங்கிருந்து அதே வண்டியில கோயமுத்தூர். டாக்டருங்க ஒருத்தனோட நினைவை அளக்க மார்க் போடுறாங்க. கண்ணைத் தொறக்குறானா, பேசுறானா, கை காலை அசைக்கிறானான்னு மூணையும் பாத்துக் கூட்டுற மார்க். 1974-ல கிளாஸ்கோ ஊரு டாக்டருங்க ரெண்டு பேரு உண்டாக்குன கணக்கு அது. முழு நினைவா இருந்தா 15. எதுவுமே அசையாதவனுக்கும் 3 உண்டு. போயிச் சேந்தப்ப எனக்கு 8. பள்ளிக்கூடத்துல கூட நான் இவ்வளவு மோசமா வாங்குனதில்லை.

அடிபட்டது பின்னாடி, ஆனா சேதம் முன்னாடி. நட்டம் இப்படித்தான் வருமாம். மண்டை தரையில மோதி நின்னுரும், உள்ள இருக்குற மூளை நிக்காது. ஓடுற வண்டிக்குச் சடன் பிரேக் போட்டா பின்னாடி இருக்குற குடத்துத் தண்ணி அலமோதுற மாதிரி அலமோதி, நெத்திப் பக்கமும் அடிபட்டிருக்கு. மூளைக்கும் அதைப் போத்தியிருக்குற கெட்டி உறைக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கிச்சு. மூளையும் வீங்கிருச்சு. வீங்குற மூளைக்கு எடம் வேணும், மண்டை ஓடு எடம் குடுக்காது. அதனால உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை வெட்டி எடுத்து, ரத்தக்கட்டியை எடுத்திருக்காங்க. வெட்டுன எலும்பை எங்க வெச்சாங்க தெரியுமுங்களா? என் வயித்துல. தோலுக்கு அடியில பை மாதிரிப் பண்ணி உள்ள வெச்சுத் தெச்சுட்டாங்க. வீக்கம் வடிஞ்சதும் திருப்பி எடுத்துப் பொருத்தற வரைக்கும் அங்க பத்திரமா இருக்குமாம். மண்டை ஓட்டை மடியில கட்டிக்கிட்டு மூணு மாசம் சுத்துன ஒரே ஆளு எங்க ஊர்ல நான்தான்.

பணம் எப்படிப் புரட்டுனாங்கன்னு எனக்கு அப்பத் தெரியாது. ரோட்டுல அடிபட்டா முதல் 48 மணி நேரத்துக்கு அரசாங்கமே பாத்துக்குற திட்டம் நம்ம தமிழ்நாட்டுல இருக்கு. வீட்டுக்குள்ள விழுந்தவனுக்கு அது கெடையாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால ஒரு பங்கு அதுல போச்சு. மீதிக்கு என்ன பண்ணுனாங்கன்னு வீட்டுக்கு வந்த பொறவுதான் பாத்தேன். வீட்டம்மா கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும் இருந்துச்சு. மத்ததெல்லாம் சொசைட்டியில அடமானம்.

இருபத்தி நாலு நாள் ஆஸ்பத்திரி. நினைவு வந்த பொறவு வார்த்தை வரலை. மம்முட்டியோட படத்தைக் காட்டி இது என்னன்னு கேட்டா, 'சீப்பு'ங்கறேன். தப்புன்னு எனக்கே தெரியுது, சரியான வார்த்தைதான் வாய்க்கு வரலை. 100-ல இருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்கன்னு ஒரு டாக்டரம்மா தெனமும் கேப்பாங்க. முழிப்பேன். எம் பொண்ணு கோயமுத்தூர்லதான் காலேஜ் படிக்குது. அது ஒருநாள் பக்கத்துல உக்காந்து, "அப்பா, கேன்ல நூறு லிட்டர் பால் இருக்கு. ஒரு வீட்டுக்கு ஏழு லிட்டர் ஊத்தியாச்சு. மிச்சம் எவ்வளவுங்ப்பா?"ன்னு கேட்டுச்சு. தொண்ணூத்தி மூணுன்னு சட்டுனு வந்துருச்சு. அடுத்த வீட்டுக்கு ஊத்து, எண்பத்தி ஆறு. அடுத்த வீடு, எழுவத்தி ஒம்போது. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. அதுல இருந்து என் கணக்கெல்லாம் பால் கணக்காவே ஓடுச்சு.

ஐப்பசி மழையில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. கார் எங்க மண்ரோட்டுக்குத் திரும்புச்சு, கண்ணாடியை எறக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில இருந்த நாளெல்லாம் நான் நெனச்சது அந்த ஒண்ணைத்தான். நனைஞ்ச செம்மண்ணு, சாணி, மஞ்சத்தழை எல்லாம் கலந்து அந்தத் திருப்பத்துல ஒரு வாசம் வரும். மூச்சை நல்லா இழுத்தேன். ஒண்ணுமே இல்லை. சில்லுனு காத்து மட்டும்தான் உள்ள போச்சு.

மூக்கடைப்புன்னு நெனச்சேன். அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போனப்பத்தான் சொன்னாரு. மூக்குக்கு மேல, மூளைக்கு அடியில, சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கு. வாசம் புடிக்குற நரம்பு நூலு நூலா அந்த ஓட்டைங்க வழியாத்தான் எறங்குது. மூளை அப்படி அலமோதுனப்ப அந்த நூலெல்லாம் அறுந்திருக்கும்னாரு. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம். ஒரு வருசம் பாக்கலாமுங்க"ன்னு முடிச்சுட்டாரு.

வாசம் போனா என்ன, கண்ணு போகலையேன்னு ஊர்ல நாலு பேரு ஆறுதல் சொன்னாங்க. உங்களுக்கும் அப்படித் தோணலாம். வெவசாயிக்கு மூக்குதாங்க பாதி அறிவு. தட்டுப்போர்ல பூஞ்சணம் புடிச்சா கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி மூக்குக்குத் தெரியும். மஞ்சள்ல கெழங்கு அழுகல் விழுந்தா, செடியைப் புடுங்கி மோந்து பாப்போம். மோட்டார் காயில் கருகுதுன்னா மோட்டார் ரூம் வாசல்லயே தெரிஞ்சுரும். பால் திரிஞ்சதா, புண்ணாக்கு சிக்கு அடிச்சதா, எல்லாத்துக்கும் மூக்குதான். நான் புளிச்சுப்போன பாலை ஒரு சொம்பு மடமடன்னு குடிச்சு எங்கம்மா கத்துனாங்க. இன்னொரு நாள் அடுப்புல வெந்நி வெச்சேன். பொங்கி ஊத்தித் தீ அணைஞ்சிருக்கு. கேஸ் போயிட்டே இருக்கு, நான் அதே எடத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்திருக்கேன். எங்கம்மா வந்து குழாயை மூடி, சன்னலைத் தொறந்து விட்டாங்க. அன்னையில இருந்து சமையக்கட்டுக்குள்ள எனக்கு அனுமதி இல்லை.

இதை விடப் பெரிய கஷ்டம் ஒண்ணு இருந்துச்சு. அது என் கோவம்.

எனக்கு முன்னாடி அவ்வளவாக் கோவம் வராது. இப்ப ஒரு சின்னச் சத்தம் ஆகாது. டிவி ஓடுனா ஆகாது, ரெண்டு பேரு ஒண்ணாப் பேசுனா ஆகாது. கார்த்திகை மாசத்துல ஒருநாள், சோத்துல உப்பு இல்லைன்னு வட்டலைத் தூக்கி வீசிட்டேன். உப்பு இருந்துச்சுங்க. மூக்கு இல்லாதவனுக்கு நாக்கும் பாதிதான்னு அப்பப் புரியலை. வட்டல் செவுத்துல பட்டு உருண்டு வந்து வீட்டம்மா காலுகிட்ட நின்னுச்சு. அவங்க ஒரு வார்த்தை பேசலை. சோத்தை வழிச்சுட்டுப் போயிட்டாங்க. லீவுக்கு வந்திருந்த பொண்ணு அன்னைக்குச் சாயங்காலமே பஸ் ஏறிருச்சு.

ராத்திரி தூக்கம் வராமப் படுத்திருந்தேன். வீட்டம்மா வாசல்ல நின்னு அவங்க அண்ணன்கிட்டப் போன்ல பேசிட்டு இருந்தாங்க. "ஆளு உசுரோட வந்துட்டாருன்னு ஊரே சொல்லுது அண்ணா. வந்திருக்கறது அவருதானான்னு எனக்குத்தான் தெரியலை."

பதினாறு நாள் நினைவில்லாமக் கெடந்தப்பக் கூட நான் செத்துப்போகலை. அந்த வார்த்தையைக் கேட்டப்பத்தான் செத்தேன்.

காலையில நானே டாக்டருக்குப் போன் போட்டேன். நெத்திக்குப் பின்னாடி இருக்குற மூளைதான் கோவத்துக்குப் பிரேக்காம். "உங்களுக்கு இஞ்சின் நல்லா இருக்குங்க, பிரேக்தான் தேஞ்சிருக்கு. நாளாக ஆகப் புடிக்கும். அதுவரைக்கும் வண்டியை மெதுவா ஓட்டுங்க"ன்னாரு. நல்லாத் தூங்கணும், சத்தத்துல இருந்து விலகி இருக்கணும், வலிப்பு வராம இருக்கக் குடுத்த மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாதுன்னு வரிசையாச் சொன்னாரு. நானும் எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். நெத்தி சூடாகுற மாதிரி இருந்தா, எந்தப் பேச்சா இருந்தாலும் பாதியில விட்டுட்டுக் கட்டுத்தரைக்குப் போயிருவேன். செவலை மாட்டைத் தடவி விட்டுட்டு நின்னா அரை மணி நேரத்துல எறங்கிரும். மாடு நம்மளக் கேள்வி கேக்காது பாருங்க.

மேக்காலத் தோட்டத்து மாமாவைப் பத்திச் சொல்லணும். நான் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகியும் அவரு எட்டிப் பாக்கலை. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலிதான். எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. ஒருநாள் வயலைச் சுத்திப் பாக்கலாம்னு தலையில துண்டைக் கட்டிக்கிட்டு மெதுவா நடந்து போனேன். களையில்லை, வாடலில்லை, மஞ்சள் இடுப்பு உயரத்துக்குத் தளதளன்னு நிக்குது. யாரு தண்ணி கட்டுனதுன்னு வீட்டம்மாவைக் கேட்டேன். "நீங்க விழுந்த மூணாம் நாள்ல இருந்து மாமாதான். வேண்டாம்னாலும் கேக்கறதில்லை. ராத்திரி கரண்ட் வந்தாலும் அவருதான் வர்றாரு. உங்க மூஞ்சில முழிக்க மட்டும் பயப்படறாரு"ன்னாங்க. அன்னைக்கே வேலியைத் தாண்டிப் போயி அவரு திண்ணையில உக்காந்தேன். அவரு என் தலையையே பாத்துட்டு இருந்தாரு. "நான் சொன்னபடி விட்டிருந்தா..."ன்னு ஆரம்பிச்சவருக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. "உங்க மேல தப்பில்ல மாமா, எனக்கு நீங்க படுத்திருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்"னேன். அது பொய்யில்லைங்க. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

அதனாலதான் உங்களுக்குச் சொல்றேன். உங்க அப்பா அம்மா பல பேரு ஊர்ல தனியா இருப்பாங்க. தலையில அடிபட்டு, ரத்தமே வரலைன்னாலும், நல்லாப் பேசுனாலும், ஒருநாள் முழுக்க ஒரு கண்ணு அவங்க மேல இருக்கணும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, ரெண்டு கண்ணு பாப்பாவும் ரெண்டு அளவு, மூக்குலயோ காதுலயோ தண்ணி மாதிரி ஒழுகறது, எழுப்புனா எந்திரிக்காத தூக்கம், இதுல ஒண்ணு இருந்தாக் கூட நேரா ஆஸ்பத்திரிதான். அரை மயக்கத்துல இருக்குறவங்களுக்குச் சுக்குத்தண்ணி, சோடான்னு எதையும் வாயில ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிரும். வயசானவங்களுக்கு, அதுலயும் இருதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, ரத்தம் மெதுவாக் கசிஞ்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சுக் கூடக் காட்டுமாம். திடீர்னு நடை தள்ளாடுனா, பேச்சு மாறுனா, வயசாயிருச்சுன்னு விட்டுராம, நடுவுல எங்கயாவது தலையை இடிச்சுக்கிட்டாங்களான்னு கேளுங்க.

தை மாசத்துல ரெண்டாவது ஆபரேசன். வயித்துல இருந்த எலும்பு அதோட எடத்துக்குப் போயிருச்சு. பொண்ணு வந்து தலையைத் தொட்டுப் பாத்துட்டு, "குழி போயிருச்சுங்ப்பா"ன்னுச்சு. அன்னைக்கு ராத்திரி அது ஊர்லயே தங்குச்சு.

மாசியில மஞ்சள் வெட்டுனோம். இப்ப நெறையப் பேரு ஆவியில வேக வெக்கற பாய்லருக்கு மாறிட்டாங்க. நாங்க இன்னும் கொப்பரைதான். கழுவுன மஞ்சளைக் கொட்டி, முழுகத் தண்ணி ஊத்தி, மஞ்சத்தழையைப் போட்டு மூடி எரிப்போம். முக்கா மணி, ஒரு மணி நேரம் ஆகும். நுரை பொங்கி, வெள்ளையா ஆவி வரும், அதோட ஒரு வாசம் வரும். அந்த வாசம் வந்த நிமிசம் எறக்கிரணும். வேக்காடு பத்தலைன்னா காஞ்ச மஞ்சள் படக்கு படக்குன்னு ஒடையும். மிஞ்சிப்போனா நெறம் செத்துரும். எங்க அப்பாரு மூக்கை வெச்சு எறக்குனாரு, எங்கப்பா எறக்குனாரு, அப்புறம் நான்.

இந்த வருசம் கொப்பரைகிட்டப் போயி நின்னேன். மூஞ்சியில சூடு அடிக்குது. வாசத்துக்கு வெறும் சுடுதண்ணிதான். சரி, வேற வழி இருக்கேன்னு ஒரு கெழங்கை எடுத்து ஈர்க்குச்சியைக் குத்துனேன். எறங்குச்சு. "ஆச்சு, எடுங்கப்பா"ன்னு ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன்.

"இன்னும் இல்லைங்க." வீட்டம்மா குரல். அவங்க அஞ்சடி தள்ளி நின்னுட்டு இருந்தாங்க.

நெத்தி சூடாச்சு. இருபது ஆளுங்க முன்னாடி. கட்டுத்தரை பக்கம் காலு திரும்புச்சு. அப்புறம் என்னமோ நின்னு, "எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"எனக்கும் மூக்கு இருக்குதுங்க. இருபத்தி ரெண்டு வருசமா நானும் இந்தப் புகைக்குள்ளதான் நிக்கறேன். நீங்க கேக்கலை, நான் சொல்லலை."

யாரும் பேசலை. மாமா வெறகைத் தள்ளி விட்டாரு. அஞ்சு நிமிசம் போயிருக்கும். "இப்ப எடுங்க"ன்னாங்க. ஆறுன பொறவு ஒரு விரலியை ஒடிச்சுப் பாத்தேன். தோலுல இருந்து நடு வரைக்கும் ஒரே மஞ்சள். முதல்ல நான் குச்சி குத்துன கெழங்கை ஒடிச்சேன். நடுவுல வெளுப்பா ஒரு கோடு இருந்துச்சு.

நாலு நாள், அத்தனை கொப்பரையும் அவங்க சொல்லித்தான் எறக்குனோம். கடைசி நாள் சாயங்காலம், வாசம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். "போன வருசம் மாதிரியேதாங்க"ன்னாங்க. போன வருசத்து வாசம் எனக்கு ஞாபகம் இருக்கு.

மூக்கு இன்னும் வரலைங்க. விலை நல்லா வந்தா மொதல்ல சொசைட்டிக்குப் போகணும். சரி, வெயில் ஏறிருச்சு, மஞ்சளைக் கிளறி விடப் போறேன். உங்க வீட்டுலயும் ஏணி எங்க இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. எங்க வீட்டு ஏணி இப்ப சமையக்கட்டுக்குப் பக்கத்துலயே நிக்குது.